ஹாலின் நடுவே அரை அடி

“சுவர் வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லிடுங்க அண்ணி. நான் நூல் கட்டணும்.”

கல் மேஸ்திரி இப்படிக் கேட்டபோது காலை எட்டு மணி. அண்ணி பின்பக்கம் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கல் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அறுபத்து மூன்றாவது கல். ஒவ்வொரு கல்லின் அடியிலும் அறுத்த தூள் மாவு மாதிரி அப்பியிருந்தது. அதைத் துடைக்காமல் பதித்தால் கலவை பிடிக்காது, ஆறே மாதத்தில் கல் ஆடும் என்று மேஸ்திரி முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆள் வைத்துச் செய்யும் வேலையில் இந்தக் கழுவுகிற வேலை மட்டும் எப்படித் தன் தலையில் வந்து விழுந்தது என்று அண்ணிக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் யாருடையது என்று சொல்ல முடியாத வேலையெல்லாம் அவளுடையதுதான்.

“எந்தச் சுவர்?” என்றாள்.

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். வாயை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தம்பி, இரண்டு குடும்பம், அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, தம்பிக்குக் குழந்தை ஒன்று, ஏழு பேருக்கும் ஒரே அடுப்பு. பழைய தரையைப் பெயர்த்துவிட்டுக் கல் பதிக்கலாம் என்று பேச்சு வந்த அன்று, தம்பியின் மனைவி சின்னவள், “உடைக்கிறதோட உடைக்கிறதா ஹால் நடுவுல ஒரு சுவரும் வச்சுட்டா என்ன அக்கா? அவங்கவங்க சமையல் அவங்கவங்களுக்கு” என்று சொல்லிவிட்டாள். அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். தம்பி சின்னவளை நாலு வார்த்தை கேட்டான். அவள் அவனை எட்டு வார்த்தை கேட்டாள். குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து சுவர் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயால் உச்சரிக்கவில்லை. அதைத்தான் மேஸ்திரி இப்போது காலங்கார்த்தாலே போட்டு உடைத்தார்.

“நான் என்ன பண்றது அண்ணி?” அவரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பால்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டு மாமி, எல்லோருக்கும் அவள் அண்ணி. “நேத்து சாயங்காலம் பெரியவர் தனியா கூப்பிட்டு, ‘நடுவுல அரை அடி விட்டுட்டுப் பதிங்க, சுவர் வருது. வீட்டுல இப்போ சொல்ல வேண்டாம்’னாரு. சரின்னேன். இன்னைக்குக் காலைல சின்னவரு தெருமுனையிலேயே மடக்கி, ‘ஹால் முழுக்க ஒரே தரையா போட்டுடுங்க, சுவர் பேச்சையே எடுக்காதீங்க. அண்ணி மனசு உடைஞ்சிடுவாங்க’ன்னாரு. அதுக்கும் சரின்னேன். இப்போ கையில நூலை வச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“ரெண்டுக்கும் தலையாட்டினீங்களா?”

“ஆட்டிட்டேன்.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் கல்லைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

“மேஸ்திரி, முதல்ல நடுவுல போட்டுட்டு வாங்களேன். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

“அந்த நடுவுதானே தெரியணும்!” மேஸ்திரிக்குத் தொழில் பேச்சு வந்ததும் தைரியமும் வந்தது. “சுவர் இல்லேன்னா ஹால் இருபத்து நாலு அடி. நடு அங்க வரும், ஜன்னலுக்கு நேரா. அங்க முழுக் கல்லா ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போவேன். சுவர் வந்தா ரெண்டு ரூம். ரெண்டுக்கும் வேற வேற நடு. நாலரை அங்குலச் சுவர், ரெண்டு பக்கப் பூச்சு, மொத்தம் அரை அடி. அந்த இடத்தைக் காலியா விடணும். பதிச்ச கல்லு மேல சுவர் எழுப்பினா ஒரு நாள் கல்லு விரியும். இன்னைக்கு ஒரு மாதிரி பதிச்சிட்டு நாளைக்கு மாத்துறேன்னா, எடுக்கிறப்போ பாதிக் கல்லு உடைஞ்சுதான் வரும். இது கடையில போய் அதே மாதிரி வாங்குற சரக்கு இல்ல அண்ணி. ஒரே பாறையில அறுத்தது. இந்த நிறம் இனி கிடைக்காது.”

அதுவும் சரிதான். அந்தச் சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தெடுக்க நாலு பேரும் சேர்ந்துதான் போனார்கள். “அக்கா, இதுல அழுக்கு தெரியாது, உங்களுக்குத் துடைக்கிற வேலை குறையும்” என்று அதைக் காட்டியவள் சின்னவள். அந்த வீட்டில் அண்ணிக்கு வேலை குறைய வேண்டும் என்று யாராவது நினைத்தார்கள் என்றால் அது அவள் ஒருத்திதான்.

“ரெண்டு விதமாவும் எனக்கு அடுக்கிக் காட்டுவீங்களா? கலவை இல்லாம, வெறும்னே?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காலையில் இரண்டு பேருக்குத் தலையாட்டியவர் மூன்றாவது ஆளுக்கும் ஆட்டினார்.

முதலில் ஒரே ஹாலாக நடுவரிசையை அடுக்கினார். வாசலில் ஆரம்பித்துப் பின்பக்கம் வரை கற்கள் நேராக ஓடின. பார்க்க ராஜ களை. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தாள். இருபத்து நாலு அடி. இதைத்தான் இருபத்து இரண்டு வருடமாக விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய், சீட்டு எழுதும் கவுண்டரில் உட்கார்ந்தால் எதிரே ஒரு வரிசை. வீட்டுக்கு வந்தால் அடுப்புக்கு எதிரே இன்னொரு வரிசை. ஒருத்தருக்குச் சர்க்கரை இல்லாத டீ, ஒருத்தருக்கு ஆறின டீ, ஒருத்தருக்கு டீயே ஆகாது. கழுவிக் கவிழ்த்தால் ஏழு டம்ளர்.

பிறகு மேஸ்திரி அரை அடி விட்டு மறுபடி அடுக்கினார். இந்தப் பக்கம் பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணி அதன் நடுவில் போய் நின்றாள். சின்ன அறை. நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். நாலு டம்ளர். அந்தப் பக்கம் பழைய சாமான் அறையில் குழாயும் சாக்கடையும் இருக்கிறது. சின்னவளுக்குச் சமையலறை அங்கேயே அமைந்துவிடும்.

மூச்சு தாராளமாக வந்தது. அப்படி வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

இப்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். அன்றைக்குக் குளியலறையில் அண்ணி அழுதது துக்கத்தில் இல்லை. சின்னவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும், முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை வாங்கி இறக்கியது போல இருந்தது. அந்த நிம்மதியில்தான் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல நிற்கிறார்கள். ‘அண்ணியை அழ வச்சுட்டாளே’ என்று தம்பி சின்னவள் மேல் பாய்கிறான். அப்போதே, “இல்லடா, எனக்கும் அதுதான் வேணும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லவள் என்று இருபத்து இரண்டு வருடமாக வாங்கிய பெயர் வாயைக் கட்டிப்போட்டது. குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்ற பெயர் சின்னவளுக்குப் போயிற்று. அவள் மூன்று வாரமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

“ஏங்க, தண்ணி ஊத்திட்டேன்!” வாசலில் இருந்து மேஸ்திரியின் மனைவி குரல் கொடுத்தாள். கலவை போடுவது அவள் வேலை.

“யாருடி ஊத்தச் சொன்னது?”

“எட்டு மணிக்கு ஊத்துன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்போ ஒன்பது. ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள பதிக்கலேன்னா அள்ளித் தெருவுலதான் கொட்டணும்.”

மேஸ்திரி அண்ணியைப் பார்த்தார். அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படி பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

“என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க. தம்பி, நீயும் வா.”

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தம்பி லிஃப்ட் மெக்கானிக். தரை வேலைக்காக அண்ணியைப் போலவே இரண்டு பேரும் அன்று லீவு. லீவு போட்டுவிட்டு மாடியில் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். இறங்கி வந்தவர்கள் ஹால் நடுவில் அரை அடி விட்டு அடுக்கியிருந்த கல்லைப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

“மேஸ்திரி, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?” என்றான் தம்பி.

“நான் என்ன சொன்னேன்?” என்றார் அண்ணன்.

பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ என்னடா சொன்ன?”

“சுவர் வேண்டாம்னு சொன்னேன். நீங்க?”

“வேணும்னு சொன்னேன். உனக்கு வேணும், கேட்கக் கூச்சப்படுறேன்னு நினைச்சேன். உன் பொண்டாட்டி வீட்டுக்கு வரணுமேடா.”

“அவ வரலேன்னாலும் பரவாயில்ல. அண்ணி கண்ணீர் விட்டதுக்கு அப்புறம் எனக்கு எதுக்கு சுவர்?”

நல்ல மனசுக்காரர்கள் இரண்டு பேரும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனசுக்காரர்கள் வீட்டில் ஒரு விஷயம் முடிவாக எத்தனை நாளாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“சரி, நீயே சொல்லிடு. நீ சொல்றதுதான்,” என்றார் அண்ணன் மனைவியிடம்.

“ஆமா, அண்ணி என்ன சொல்றாங்களோ அதான்,” என்றான் தம்பி.

வழக்கம்போலப் பந்து அவள் காலடிக்கு வந்துவிட்டது. அண்ணிக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரத்தான் ஹாலில் ஒரு நாற்காலி இல்லை. எல்லாம் மாடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன.

“நான் அன்னைக்கு ஏன் அழுதேன்னு உங்க ரெண்டு பேர்ல யாராவது என்னைக் கேட்டீங்களா?”

இரண்டு பேரும் குனிந்து கல்லைப் பார்த்தார்கள்.

“நிம்மதியில அழுதேன்.”

“என்ன?” என்றார் அண்ணன்.

“சுவர் எனக்கு வேணும். அவ கேட்டதுக்காக இல்ல. அவ கேட்கிறதுக்கு முன்னாடியே எனக்கு வேணும். எத்தனையோ நாள் பாத்திரம் தேய்க்கிறப்போ மனசுக்குள்ளேயே வச்சுப் பார்த்திருக்கேன். என்னால முடியலைங்க. ஏழு பேருக்கு ஆக்கி, ஏழு பேர் மூஞ்சி பார்த்து, யாருக்கு எதுல வருத்தம்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு... அலுத்துப்போச்சு.”

மேஸ்திரி தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். அவன் அம்மா தவறிப்போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அந்த வருடம்தான் அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவனுக்குத் தலை சீவிவிட்டது, காய்ச்சலில் கண் விழித்தது, பெண் பார்த்தது, எல்லாம் அவள்தான்.

“அப்போ நான் உங்களுக்குப் பாரமா இருந்திருக்கேன். அப்படித்தானே அண்ணி?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்ததே இந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

“ஒன்பது வயசுல உன்னைக் கையில எடுத்தேன்டா. இப்போ உனக்கு முப்பத்தொண்ணு. கை வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா நான்?”

அவன் கண் சிவந்தது. விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டான்.

அண்ணன் பின்னாலேயே போகப் பார்த்தார். “விடுங்க,” என்றாள் அண்ணி. “கொஞ்ச நேரம் அவனை விடுங்க.” பிறகு மேஸ்திரியைப் பார்த்து, “அரை அடி விட்டுப் பதிங்க,” என்றாள்.

மேஸ்திரி நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டினார். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். அண்ணன் போய்ப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை பின்பக்கமே இருந்ததால் நூல் ஆடியது. “ஆடாம பிடிங்க சார்,” என்றார் மேஸ்திரி.

அண்ணிக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அதுதான் கஷ்டமான வேலை. போனை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். நாலு தடவை மணி அடித்தது. ஐந்தாவதில் எடுத்தாள்.

“நான்தான்.”

“சொல்லுங்கக்கா.”

“சுவருக்கு இடம் விடச் சொல்லிட்டேன்.”

“எனக்காக எதுவும் செய்ய வேண்டாம்க்கா. அப்புறம் அதுவும் என் தலையில விழும்.”

“உனக்காக இல்ல. எனக்கு வேணும். நீ கேட்ட அன்னைக்கே எனக்கும் வேணும். நீ வாயைத் திறந்து சொல்லிட்ட. நான் சொல்லாம நல்ல பேர் வாங்கிட்டேன். இப்போதான் ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்.”

அழுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். சண்டை போடுவாள் என்றும் எதிர்பார்த்தாள். சின்னவள் இரண்டும் செய்யவில்லை.

“மூணு வாரம் ஆச்சுக்கா,” என்றாள்.

“ஆமா.”

“எங்க அம்மாவே என்னைக் குடும்பத்தைக் கெடுத்தவள்னு சொல்லிட்டாங்க. தினம் சொல்றாங்க.”

“தெரியும். உன் தங்கச்சி போன்ல சொன்னா.”

“தெரிஞ்சுமா?”

சப்பைக்கட்டு கட்ட அண்ணிக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஹாலில் ரப்பர் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேஸ்திரி ஒவ்வொரு கல்லையும் வைத்து, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். அடியில் கலவை சரியாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால் ‘டொக்’ என்று தனியாகக் காட்டிக்கொடுக்கும். நாலைந்து கல் ஆனதும் சத்தம் நின்றது.

“அண்ணி, ஒரு சந்தேகம்,” மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “சுவர்ல கதவு உண்டா?”

“கதவு எதுக்கு?” என்றார் நூலைப் பிடித்திருந்த அண்ணன்.

“கதவு இல்லாமலா?” பின்பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. அவன் அங்கிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“இல்ல, கதவு உண்டுன்னா அந்த இடத்துல மட்டும் இடைவெளி கூடாது. ரெண்டு ரூமுக்கும் பொதுவா ஒரு கல்லு வரும். கதவு எந்தப் பக்கமாத் திறக்குதோ அந்தப் பக்கம் கல்லு ஒரு பொட்டு தணிவா இருக்கணும். இல்லேன்னா கதவு தேயும். தாழ்ப்பாள் இருக்கிற பக்கமாத்தான் கதவு திறக்கும். அதனால அது எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சா நல்லது.”

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எது எங்கே இருக்க வேண்டும், யார் எப்போது சாப்பிட வேண்டும் என்று இருபத்து இரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய நாக்கு. நம்ம பக்கம் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை.

அவள் அதை விழுங்கினாள்.

“கேட்டுச்சா?” என்றாள் போனில்.

“கேட்டுச்சு.”

“நீ சொல்லு. கதவு வேணுமா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம். நீ எப்படிச் சொல்றியோ அப்படி.”

போனில் குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது கேட்டது. சின்னவள் அதை அதட்டவில்லை. வெளியே மேஸ்திரியின் மனைவி, “கலவை இறுகுதுங்க,” என்றாள்.

“அக்கா, நான் நாளைக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த ஒரு கல்லை மட்டும் ஒட்ட வேண்டாம்னு சொல்லுங்க.”

போன் வைக்கப்பட்டது.

அண்ணி சொன்னதைக் கேட்டு மேஸ்திரி மறுபடி தலையாட்டினார். அளவெடுத்து வைத்திருந்த அந்தக் கல்லைத் தனியாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அண்ணி குழாயடிக்குத் திரும்பினாள். கழுவ இன்னும் ஐம்பது கல்லுக்கு மேல் இருந்தது. தம்பி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் முக்காலியில் உட்கார்ந்து துணியை நனைத்தாள்.

“எப்போ வர்றாளாம்?” என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நாளைக்கு.”

“பெட்டியோடவா, சும்மாவா?”

“கேட்கலை.”

அவன் எழுந்து வந்தான். வாளியைத் தன் பக்கம் இழுத்து, அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கிக்கொண்டான்.

“நகருங்க. மிச்சத்தை நான் கழுவுறேன்.”

அவ்வளவுதான் சொன்னான். அவன் அவளிடம் பேசும் எந்த வாக்கியத்திலும் முன்னாலோ பின்னாலோ ‘அண்ணி’ என்று ஒன்று இருக்கும். குழாயடியில் பேசிய மூன்றிலும் அது இல்லை. அண்ணிக்குச் சுருக்கென்றது. திரும்பத் துணியை வாங்கிக்கொண்டால் ஒருவேளை அந்தச் சொல்லும் திரும்பி வந்துவிடும் என்று தோன்றியது. கை அதற்காக நீளக்கூடச் செய்தது.

நீண்ட கையை மடக்கிக்கொண்டு, முக்காலியை அவனுக்கு விட்டுவிட்டு எழுந்தாள்.